பெரியதா, சின்னதா

எங்கள் அப்பாவுக்கு எதை வாங்கினாலும் பெரியதாக வாங்க வேண்டும். துறைமுக ஊரான கிள்ளானில் எங்கள் வீட்டு டிவி பாதிச் சுவரை மறைத்தது. மூன்று பேருக்குச் சமைக்கிற குக்கரில் கல்யாணத்துக்கே சோறு வடிக்கலாம். ஆகவே பழைய காருக்கு சூப்பர்சார்ஜர் மாட்டப்போவதாக அவர் சொன்னபோது, அதிலும் பெரியதைத்தான் எடுப்பார் என்பதில் எட்டு வயதான எனக்குச் சந்தேகமே இல்லை.

சூப்பர்சார்ஜர் என்றால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற கருவி. காற்று கூடினால் காரின் இழுவையும் கூடும். அம்மாவுக்கு அப்போதுதான் லைசென்ஸ் கிடைத்திருந்தது. ஹைவேயில் போகவேண்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் வேலையும் பேசி வைத்திருந்தார். அப்பா துறைமுகத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடுவதால் கார் பகலெல்லாம் வீட்டில் சும்மா நிற்கும். அதில் போய்வரலாம் என்பது அம்மாவின் கணக்கு.

"ஹைவேல லோரிக்கு நடுவுல இந்தக் காரு இழுக்காது. நான் ரெடி பண்ணித் தரேன்" என்றார் அப்பா. அம்மா நம்பினார். நானும்தான்.

ஜெஞ்சாரோம் போகிற சாலையில் அப்பாவின் நண்பர் ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். எனக்கு அவர் ஒர்க்‌ஷாப் அங்கிள். ஜப்பான் கார்களிலிருந்து கழற்றிய இரண்டு சூப்பர்சார்ஜர்களை மேசையில் வைத்திருந்தார். ஒன்று என் தண்ணீர் போத்தல் அளவு. மற்றதைத் தூக்க அவருக்கே இரண்டு கை வேண்டியிருந்தது.

"சின்னது போதும்லா. பெரிசு போட்டா இப்ப இருக்கிற கிளட்ச் தாங்காது, வழுக்கும். டைட்டான கிளட்ச் போடணும், மிதிச்சா கல்லு மாதிரி இருக்கும். அக்காவால ஓட்ட முடியாதுண்ணே."

அப்பா சின்னதைக் கையிலெடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே வைத்தார். "பெரிசே போடு" என்றார். நான் கைதட்டினேன்.

இரும்பு வெட்டித் தாங்கி செய்து, சூப்பர்சார்ஜரை இன்ஜின் பக்கத்தில் முடுக்கி, இன்ஜினோடு சேர்ந்து அதுவும் சுற்ற பெல்ட் மாட்டினார்கள். டைட்டான கிளட்சும் போட்டார்கள். பெல்ட் நேராக உட்காராமல் முதலில் கீச்சிட்டது. வாஷர் வைத்துச் சரிசெய்தார் அங்கிள். பிறகு கார் சீறிய சீற்றத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா ஓட்டிப் பார்த்தார். கிளட்சை முழுதாக மிதிக்க முடியாமல் எங்கள் தெருமுனையிலேயே கார் குலுங்கி நின்றது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாளிலிருந்து வேலைக்கு கொமியூட்டர் ரயிலில் போனார்.

அதன்பிறகு அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், நிறுத்தியிருக்கிற காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். இன்ஜினைக்கூடப் போட மாட்டார். கோபத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து ஒருநாள் குடிக்க ஒரு கப் மைலோ கொண்டுபோனேன். முகமெல்லாம் வியர்த்திருந்தது. இடது கால் மட்டும் கிளட்சின் மேல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

தைப்பூசம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ட்டு வரலாம், நான் ஓட்டுறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டார். அப்பா பக்கத்து சீட்டில், நான் பின்னால். ஹைவேயில் வழிநெடுக ஜாம். நகர்வதும் நிற்பதுமாக, ஒவ்வொரு முறையும் அந்தக் கல்லை மிதிக்க வேண்டும். இன்ஜின் ஒருமுறைகூட அணைந்துபோகவில்லை. அம்மாவின் முழங்கால் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. அப்பா சாலையைப் பார்க்கவில்லை, அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கியதும் அம்மா கதவைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றார். அப்பா கைநீட்டினார். அம்மா அதைப் பிடிக்கவில்லை.

மறுவாரம் அப்பா லீவு போட்டுவிட்டுக் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது பெரியது போய்ச் சின்னது இருந்தது. பழைய கிளட்சும் வந்துவிட்டது. நான் பின்சீட்டில் ஏறிக்கொள்ள, அம்மா முன்னால் ஏறி மிதித்தார். கால் பொசுக்கென்று உள்ளே போனது.

"எதுக்கு மாத்துனீங்க? எனக்குப் பழகிடுச்சே."

"சும்மாதான்" என்றார் அப்பா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தச் சீற்றம் போய்விட்டதே. அப்பா அம்மாவிடம் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை என்று, வளர்ந்த பிறகும் பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்டார், சின்னதை மாட்டிக்கொண்டு வந்து. அப்போது நான் பின்சீட்டில்தான் இருந்தேன், நம்ம கார் போச்சே என்று அழுதுகொண்டு.