காயம் பட்ட இடம்

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம், கண்ணுங்களா. ஆனால் நடந்தது நடந்ததுதான். பட்டப்பகலில், டியூப்லைட் எரிய, மின்விசிறி சுற்ற, வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த ஓர் அலுவலகத்தில் நடந்தது. நேரம் காலை 11.52. இருட்டினால்தான் பயம் வரும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அவளைத் தொழிற்சாலையில் எல்லோரும் ‘கணக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அட்டைப்பெட்டி செய்யும் இடம் அது. ஆறாம் நம்பர் பஞ்சிங் மெஷின் வெட்டித் தள்ளும் அட்டைகளை அடுக்குவது அவள் வேலை. மெஷினில் மீட்டர் இருக்கிறது, வெட்டும் அச்சு விழும் ஒவ்வொரு அடிக்கும் ஓர் எண் ஏறும். அதை அவள் பார்க்கவே மாட்டாள். எத்தனை அடி என்று கேட்டால் வாயாலேயே சொல்லிவிடுவாள். ஒன்றுகூடத் தப்பாது.

மெஷினை ஓட்டியவளை ‘நெட்டை’ என்பார்கள். மெஷினுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் சேர்ந்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே போகக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் மேலே கேட்கிற எண்ணிக்கை வராது. அதனால் இடது பொத்தானைத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். வலது கை அழுத்தும், இடது கை அட்டையைத் தள்ளும். மேற்பார்வையாளர் பார்ப்பார், பார்க்காத மாதிரிப் போவார். எல்லோரும் செய்ததைத்தான் நெட்டையும் செய்தாள். 4316-வது அடியில் அட்டை சிக்கியது. எடுத்துவிடக் குனிந்தாள்...

அதற்கு மேல் சொல்ல மாட்டேன். கணக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். அது போதும்.

அன்றைக்கே பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். மின்கம்பியை வெட்டி, மீட்டரைப் படம் பிடித்து, அந்தக் கொட்டகையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

மெஷின் சத்தம் மட்டும் கணக்கை விடவில்லை. பாத்திரம் கழுவும்போது, தலை வாரும்போது... டக். ஸ்ஸ்... தொம். மனநல மருத்துவர் சோதித்தார். இது வேலையிடத்தில் பட்ட காயமேதான், ஓய்வும் சிகிச்சையும் கட்டாயம் வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு இழப்பீட்டு அலுவலகத்துக்கு நடக்கத் தொடங்கினாள்.

ஆறு தடவை நடந்தாள். படிவத்தில் ‘காயம் பட்ட இடம்’ என்று ஒரு கட்டம். காலியாக விட்டாள், திருப்பினார்கள். ‘காது’ என்று எழுதினாள். காது டாக்டரிடம் அனுப்பினார்கள். காது நன்றாக இருந்தது. ‘தலை’ என்று எழுதினாள். படம் எடுத்தார்கள், தலையும் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

“அக்கா, இந்த ஃபைல் பைக்குத் தனியா ஒரு பஸ் பாஸ் எடுத்துடலாம்,” என்றாள் தங்கச்சி. அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தாள்.

கணக்கு சிரிக்கவில்லை. அன்று ஏழாவது தடவை, வெள்ளிக்கிழமை. கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமை முத்திரை பிரிக்கிறார்கள். ஆறாம் நம்பரை இனி அவள்தான் ஓட்ட வேண்டும். வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள்.

11.40-க்கு அவள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார்.

“மனசுன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“எங்க பட்டியல்ல அப்படி ஒரு உறுப்பு இல்லம்மா.”

“டாக்டர் கடிதம் வச்சிருக்கேன் சார்.”

“மூணு மாசம் தாண்டிடுச்சே. இது செல்லாது.”

“அதுல ரெண்டரை மாசம் உங்க மேசையிலதான் சார் இருந்துச்சு!”

“சத்தம் போடாதீங்கம்மா. அடிபட்டவங்களே அமைதியா உக்காந்திருக்காங்க. உங்களுக்குக் கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?”

சொல்லிக்கொண்டே, நிராகரிக்கக் குத்தும் சிவப்பு முத்திரையை எடுத்தார். இடது கையால் படிவத்தைத் தள்ளி நேராக்கினார். வலது கை மேலே போனது.

சுவர்க் கடிகாரத்தில் 11.52.

டக்.

கணக்கு கண்ணை மூடிக்கொண்டாள். வழக்கமாக வருவதுதான்.

ஸ்ஸ்... தொம்.

அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது.

“பக்கத்துல என்ன வேலை நடக்குது?”

பியூன் எட்டிப் பார்த்தார். “அது பழைய ஃபைல் ரூம் சார். பூட்டித்தான் கிடக்கு.”

கணக்கு கண்ணைத் திறந்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவை... வேறொருவர் காதில்.

ஒன்பது விநாடி. ஆறாம் நம்பரின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள இடைவெளி.

டக். ஸ்ஸ்... தொம்.

“என்ன சத்தம்க்கா?” என்று தங்கச்சி முணுமுணுத்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. பியூனுக்கும் கேட்கவில்லை.

கணக்கின் விரல்கள் பழக்கத்தில் பேனாவைத் தேடின. டோக்கன் சீட்டின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டாள்.

மூன்று.

அதிகாரி இடது கையை இழுத்தார். அது வரவில்லை. மேசையோடு மேசையாக... யாரோ துணியால் இறுக்கிக் கட்டியது போல.

நான்கு.

சத்தம் இப்போது பக்கத்து அறையில் இல்லை. மேசைக்கு அடியில்.

ஐந்து.

“நிறுத்தச் சொல்லுங்கம்மா...”

“நிறுத்த முடிஞ்சா நான் ஏன் சார் ஏழு தடவை இங்க வரேன்?”

ஆறு.

சிவப்பு முத்திரை உருண்டு கீழே விழுந்தது.

“இன்னும்... எத்தனை?”

“தெரியாது சார்.”

ஏழு.

நின்றது.

11.53. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் இடது மணிக்கட்டில் சிவப்பாக ஒரு பட்டை. தடவிக்கொண்டே பேனாவை எடுத்தார். நீல முத்திரை குத்தினார். ஆறு மாத ஓய்வு, சம்பளம், சிகிச்சை, வேறு பிரிவில் வேலை. எல்லாவற்றுக்கும் கையெழுத்து. பட்டியலில் இல்லாத உறுப்பு ஒரே நிமிடத்தில் முளைத்துவிட்டது.

படியிறங்கும்போது தங்கச்சி கேட்டாள். “அந்த ஆளுக்கு என்னாச்சுக்கா?”

“எனக்கு என்னவோ, அதேதான்.”

இரண்டு மாதம் கழித்து ஒரு காகிதம் கொடுக்கத் தங்கச்சி மறுபடி அங்கே போனாள். மேசையில் வேறோர் அதிகாரி. பழையவர் வரிசையில் உட்கார்ந்திருந்தார், கையில் டோக்கன், மடியில் படிவம். ‘காயம் பட்ட இடம்’ கட்டம் காலி.

கடைசியாக ஒன்று. அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை நடந்தது.

காலை 9.10. ஆய்வாளர் கொட்டகையின் முத்திரையை உடைத்தார். முத்திரை வைத்தது வைத்தபடி இருந்தது. பூட்டும் அப்படியே. மின்கம்பி வெட்டிய இடத்தில் தூசி படிந்திருந்தது. அவர் பழைய படத்தை மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். வாசலில் தங்கச்சியோடு நின்ற பேக்கிங் பெண்களிடம் திரும்பினார்.

“யாராவது உள்ள வந்தீங்களா?”

யாரும் வரவில்லை.

படத்தில் 4316. மீட்டரில் 4323.

தங்கச்சி வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பையைக் கவிழ்த்து டோக்கன் சீட்டைத் தேடி எடுத்தாள். பின்பக்கம் நான்கு கோடு, குறுக்கே ஒன்று. பக்கத்தில் இரண்டு.

நான்கு மாதமாகக் கணக்கின் தலைக்குள் ஆயிரம் ஆயிரம் அடி விழுந்தது. அதில் ஒன்றைக்கூட அந்த மெஷின் எண்ணவில்லை.

அந்த அலுவலகத்தில் விழுந்த ஏழு அடியை மட்டும் எண்ணியிருந்தது.