வெள்ளிச் சாயம் பூசிய வால்வு

அரியலூர்ச் சாலையில் இருந்த நெல் ஆலையின் கொதிகலனை நான் செருக்கினால் நிறுத்தினேன் என்றும், ஆயுதபூசைப் பொட்டை அழிக்கச் சொல்லித் தெய்வ நிந்தனை செய்தேன் என்றும் ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. அண்மையில் ஒரு திருமண வீட்டில் என் முன்னிலையிலேயே அது சொல்லப்பட்டது. மறுத்துரைக்க அஃது இடமன்று. ஆகவே இங்கு எழுதுகிறேன். மன்னிப்புக் கோரும் நோக்கம் எனக்கில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. கொதிகலன் ஆய்வாளனாகப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் சுற்றிவந்தேன். நெல் அவிக்கும் ஆலைகளில் ஒரு வழக்கம் இருந்தது: ஆயுதபூசைக்கு முன் கொதிகலன் முழுவதற்கும் வெள்ளிச் சாயம் பூசி, பூசையன்று சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். அந்தப் பக்தியில் நான் குறை கண்டதில்லை. ஆனால், நீராவியின் அழுத்தம் எல்லை மீறும்போது தானே திறந்து அதனை வெளியேற்றவேண்டிய பாதுகாப்பு வால்வையும் அவர்கள் தூரிகை விட்டுவைப்பதில்லை. அவ்வாலையில், ஆண்டுதோறும் ஏறிய பூச்சு வால்வை இறுக்கிப் பிடித்திருந்தது. அதன் நெம்புகோலைத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை.

சுரண்டிக் கழற்றச் சொன்னேன். உரிமையாளர் குறுக்கே வந்து நின்றார்.

“அதுல கை வெக்காதீங்க சார். பொட்டு வெச்சு வாரம் திரும்பல. தை பொறக்கட்டும், கழட்டிக்கலாம்.”

அடுப்பை அணைக்க ஆணையிட்டேன். தொட்டிகளில் நெல் ஊறிக்கிடந்தது. உடனே அவிக்காவிட்டால் நாற்றமெடுக்கும் என்பதை நான் அறியாதவனல்லேன். களத்தில் நெல் காயவைக்கும் பெண்களுள் ஒருத்தி, என் காதில் விழட்டும் என்றே, “ஆலை அடுப்போட எங்க வூட்டு அடுப்பையும் சேத்துல்ல அணைச்சுட்டாரு சாரு” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

உரிமையாளர் முறையிட்டிருக்க வேண்டும். மாலையில் மேலதிகாரி தொலைபேசியில் அழைத்து, தற்காலிக இசைவு தந்துவிட்டு வரும்படி அறிவுறுத்தினார். எழுத்தில் ஆணையிடுங்கள், பணிகிறேன் என்றேன். எழுத்தில் ஒன்றும் வரவில்லை.

மறுநாள், கொதிகலன் ஆறியபின், ஆலையில் இருந்த அனைவரையும் அருகழைத்தேன். கலனில் குளிர்நீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினோம். குளிர்நீரானால், தகடு விரிசலுற்றாலும் நீர் கசியுமே தவிர வெடிக்காது. சோதனைக்கு அதுவே நெறி. அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டை எட்டியது, கடந்தது. வால்வு வாய்திறக்கவில்லை.

முந்தைய நாள் நகையாடிய பெண் கலனையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நேத்து மத்தியானம் இது பக்கத்துலதாங்க உக்காந்து சோறு தின்னோம்” என்றாள். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

உரிமையாளர் தம் துண்டை நனைத்துப் பொட்டைத் தாமே துடைத்தார். பிறகு வால்வு கழற்றப்பட்டது. அது சீராகி மீண்டும் ஆவி ஏறுவதற்குள் நெல்லில் ஒரு பகுதி நாறிப்போனது உண்மை. அவ்விழப்புக்கு நானே காரணன். அதே நிலை மீண்டும் வரின், மீண்டும் அணைப்பேன்.

ஆலையின் அமைப்பையோ நிகழ்ச்சிகளின் வரிசையையோ நான் பிழைபட எழுதியிருப்பின், அன்று அங்கிருந்தோர் தெரிவித்தருள்க, திருத்திக்கொள்வேன். முள் சிவப்புக் கோட்டைக் கடக்கவில்லை என்பார் எவரேனும் இருப்பின், அவரும் வந்து சொல்லட்டும்.