பெட்டிக்காரன் இரண்டாம் பாகம்

எங்கள் வீட்டில் பழைய மார்க் நாணயம் செல்லாக்காசானது, ஜெர்மனி முழுவதற்கும் யூரோ வந்து ஏறக்குறைய மூன்று வருடம் கழித்துத்தான். கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் அடியில், வீட்டுக்கொன்றாகப் பலகை அடித்துப் பிரித்துக் கொடுத்த கெல்லர் அறைகள் இருந்தன. மற்றவர்கள் அதில் சைக்கிளும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தார்கள். எங்களுடையதில் ஆளுயர விளையாட்டு மெஷின் ஒன்று நின்றது. அது ஒரு மார்க் நாணயக் குற்றியைத் தவிர வேறெதையும் விழுங்காது. மாமாவிடம் அப்படி ஒரேயொரு குற்றிதான் இருந்தது. போடுவோம், விளையாடுவோம், கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்து எடுப்போம், மறுபடி போடுவோம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, எங்களோடு இருந்தார். ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவரை ஓர் அகதி முகாமில் வைத்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்டத்தைத் தாண்டிப் போகவும் அனுமதி இல்லை. முகாமுக்குப் பக்கத்தில் இருந்த மதுக்கடையின் மூலையில் இந்த மெஷின் நின்றதாம். ஒரு கோலாவை வாங்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதன் முன்னால் நிற்பாராம். பிறகு அந்தக் கடையை மூடியபோது, யாருக்காவது வேண்டுமா என்று முதலாளி கேட்டாராம். மாமா இரண்டு சிநேகிதரையும் இரவல் வான் வண்டி ஒன்றையும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றி வந்துவிட்டார்.

மெஷினின் நெற்றியில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் விளையாடக்கூடாது என்று ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. எனக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தா. "யூகெண்ட்அம்ட் காரர் அறிஞ்சால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம்" என்பது அவவின் பயம். சிறுவர் நலனைப் பார்க்கிற அரசாங்க அலுவலகம் அது. அரசாங்கம் என்னைத் தூக்கிப்போகும் அளவுக்கு நான் திறமையாக விளையாடினேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

விளையாட்டு இதுதான். ஒரு சின்ன மனிதன், கையில் சிவப்புப் பெட்டி, ஓடுகிற ரயிலின் கூரைமேல் ஓடிக்கொண்டிருப்பான். பாலம் வந்தால் குனிய வேண்டும், ரயில் பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் பாய வேண்டும், பின்னால் காவலர் துரத்துவார்கள். இரண்டே இரண்டு பொத்தான். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கையிலிருப்பதை விட்டுவிடுவான். ஆள் தப்புவான், ஆனால் அதுவரை சேர்த்த புள்ளி எல்லாம் பூச்சியம். மாமா ஒருநாளும் அப்படி அழுத்தி நான் கண்டதில்லை. அந்த மனிதனுக்குப் பெயர் கிடையாது. நாங்கள் பெட்டிக்காரன் என்றோம். அவன் எங்கே போகிறான் என்றும் கிடையாது. ரயில் முடியவே முடியாது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மாமாவை அரித்தெடுப்பேன். ஒருநாள் பனங்கட்டி என்றார். இன்னொருநாள் படித்த சான்றிதழ்களும் ஒரு வேட்டியும் என்றார். கடைசியாகக் கேட்டபோது, "அது அவனுக்கே மறந்துபோச்சுது பிள்ளை" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு விசயத்தைக் கேட்டால் ஒழுங்காக ஒரு பதில் சொல்லாத மனிதர்.

அதனால்தான் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. கடையில் விளையாட்டுச் சஞ்சிகை ஒன்றைப் பிரித்து, நின்றபடியே வாசித்துவிட்டு வந்து மாமா சொன்னார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு வருகிறதாம். தொலைக்காட்சியில் பொருத்தும் கொன்சோலிலேயே விளையாடலாமாம், பெட்டிக்குள் என்ன என்பது இந்த முறை தெரியவருமாம். பெரியப்பாவின் மகன் கழித்துவிட்ட கொன்சோல் ஒன்று எங்களிடம் இருந்தது. மாமா கடையில் பெயர் கொடுத்து வைத்தார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் வேறு கதை இல்லை.

அப்பாவுக்கும் கேட்டது. அவருக்கு நெடுநாளாக ஒரு பெரிய ஃபிரீசர் ஆசை. ஆடு அடித்துப் பங்கு போடும்போது முழுப்பங்கு எடுக்கலாம், மீனைப் பெட்டியோடு வாங்கலாம். எங்கள் கெல்லரில் ஒரேயொரு பிளக் துளைதான் இருந்தது, அதில் மெஷின் செருகியிருந்தது. புதுசு வருகிறதென்றால் பழசு எதற்கு என்று அப்பா கேட்டார். பொம்பிளை பார்க்கிற வயதில் பொம்மை எதற்கு என்றும் சேர்த்துக் கேட்டார். அம்மாவும் விடவில்லை, பொம்பிளை வீட்டார் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றா. மாமா சிரித்தார். "பிள்ளை விளையாடுறாள், அதுதான்" என்றார்.

"பிள்ளைக்கு வேணுமெண்டால் வேற கதை" என்றார் அப்பா. "ஃபிரீசரைக் குசினிக்குள்ள எங்கையாவது அடையலாம். பிள்ளை கேக்கட்டும்."

பிள்ளை கேட்கவில்லை. பிள்ளையின் மனம் முழுக்க இரண்டாம் பாகத்தில் இருந்தது. அப்பா நகராட்சிக்கு எழுதிப்போட்டார். பெரிய சாமான்களை எடுக்கும் வண்டிக்கு நாள் குறித்து டெர்மின் வந்தது. அக்டோபர் விடுமுறையில் ஒரு நாள், காலை ஏழு மணி முதல். சாமான்களை முதல்நாள் மாலையே தெருவோரம் வைக்க வேண்டும்.

அந்த முதல்நாள் சரஸ்வதி பூசையாக இருக்கும் என்று அப்பாவும் கலண்டர் பார்க்கவில்லை, நகராட்சியும் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தா. என் தமிழ்ப் புத்தகம், கணக்குக் கொப்பி, வண்ணப் பென்சில்கள், அப்பாவின் சாரதிப் பத்திரம், மாமாவின் குசினிக் கத்தி. அப்போதுதான் மாமா வேலையால் வந்தார். கையில் இரண்டாம் பாகம், சுற்றியிருந்த கண்ணாடித்தாள் கூடக் கிழிக்கவில்லை. நான் பாய்ந்து வாங்குவதற்குள் அம்மா வாங்கிவிட்டா. "புதுச் சாமான். அதுவும் சாமிக்கு முன்னால இருக்கட்டும்." வைத்துச் சந்தனமும் குங்குமமும் தொட்டுவிட்டா. வைத்தால் வைத்ததுதான். விஜயதசமி காலை வரை எடுக்க ஏலாது. நான் குழறி அழுது பார்த்தேன். மாமா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அட்டையில் ஓடும் ரயிலும், முதுகு காட்டி ஓடும் ஒரு மனிதனும், சிவப்புப் பெட்டியும் இருந்தன. அதை நம்பினோம்.

பூசை முடிந்து, அவலும் கடலையும் தின்றபிறகு அப்பாவும் மாமாவும் மெஷினைத் தூக்கப் போனார்கள். கதவு திறந்து பிடிப்பது என் வேலை. தூக்குவதற்கு முன்னால் நான் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடினேன், அவசரத்தில் இரண்டாவது பாலத்திலேயே விழுந்தேன். மாமா ஆடவில்லை. கீழ்க்கதவைத் திறந்து குற்றியை எடுக்கவுமில்லை. எடுக்கச் சொன்னேன். ஒருவருக்குப் போகிற சாமானை வெறுமனே கொடுக்கக்கூடாது என்றார். எங்கள் வீட்டில் அயலவரின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மா ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பா, அதுபோல.

கெல்லர்ப் படியில் மூன்று படி ஏறியதும், "கொஞ்சம் வையுங்கோ அத்தான்" என்று மாமா நிறுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உனக்கு இது வேணுமோ?"

"வேண்டாம் மாமா."

படியின் திருப்பத்தில் மறுபடி வைத்தார்கள். "வடிவாய் யோசிச்சுச் சொல்லு. வேணுமெண்டால் வச்சிருப்பம்." புதுசு வந்துவிட்டதே, பழசு எனக்கு ஏன் என்று சொன்னேன். வாசற்கதவில் மூன்றாம் தரமும் வைத்தார்கள். "பிள்ளை?" என்றார், அவ்வளவுதான். எனக்கு அலுத்துவிட்டது. "ஐயோ மாமா, வேண்டாம் எண்டால் வேண்டாம்!" என்று கத்தினேன். அப்பா சிரித்தார். பிறகு மாமா மேலே போய் மேசைக்குப் போடும் பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து மெஷினைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார். எறிகிற சாமானுக்கு மழைச்சட்டை போடுகிறவனை இப்போதுதான் காண்கிறேன் என்றார் அப்பா.

விஜயதசமி காலை. ஏடு தொடக்காமல் எதையும் தொடக்கூடாது. நான் தட்டில் பரப்பிய அரிசியில் அ எழுதினேன், தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடம் வாசித்தேன். மாமாவுக்கும் ஏதாவது வாசிக்க வேண்டுமே. அவரிடம் புத்தகம் இல்லை. கண்ணாடித்தாளைக் கிழித்து, உள்ளே இருந்த கையேட்டை எடுத்து, சரஸ்வதிக்கு முன்னால் சம்மணமிட்டு, ஜெர்மன் மொழியில் உரக்க வாசித்தார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். பெட்டிக்காரனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஏதோ நாய்க்கு வைக்கிற மாதிரி, ஒரு சொல்லில் குரைக்கிற பெயர்.

"பரவாயில்லை, போடு" என்றார்.

போட்டோம். முதலில் படம் ஓடியது. எங்களுடைய சின்ன மனிதன் வளர்ந்து, தோள் புடைத்து, தோல்சட்டை போட்டிருந்தான். அவனுக்கு வீடு இருந்தது, நீச்சல்குளம் இருந்தது. கரகரத்த குரலில் பகிடி விட்டான். ரயில் ஒரேயொரு தரம் வந்தது, வந்த உடனே வெடித்தது. பிறகு அவன் ஒரு மேசையில் சிவப்புப் பெட்டியை வைத்து, டக் டக் என்று இரண்டு பூட்டையும் திறந்தான். நான் திரைக்குக் கிட்டப் போனேன். உள்ளே ஒரு துவக்கு இருந்தது.

"துவக்கோ?" என்றார் மாமா.

குனிகிற பொத்தான் இப்போது சுடுகிற பொத்தான். நான் சுட்டேன், ஆட்கள் விழுந்தார்கள், புள்ளி ஏறியது. பெட்டியை அவன் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அதற்குப் பிறகு அது வரவேயில்லை. மாமா திரையைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாமல், "இதைத் தூக்கிக்கொண்டோ இவன் இவ்வளவு தூரம் ஓடினவன்?" என்றார்.

குசினியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா தலையில் கை வைத்தா. "கோதாரி! சரஸ்வதிக்கு முன்னால துவக்கையே வச்சுக் கும்பிட்டனாங்கள்?" அதற்குத்தானே ஆயுத பூசை என்று அப்பா சொல்ல, அம்மா அகப்பையை ஓங்கினா. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, "மாமா! எங்கட பெட்டிக்காரன்!" என்றேன்.

மாமா இருந்த இடத்தில் இல்லை. மாடிப்படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. நானும் ஓடினேன். "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை!" என்று அம்மாவின் குரல் பின்னால் வந்தது.

இரவெல்லாம் தூறியிருந்தது, நடைபாதை முழுக்க ஈரம். யாரோ எறிந்த மெத்தையும் முறிந்த கதிரைகளும் அப்படியே கிடந்தன. நகராட்சி வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. மெஷின் நின்ற இடத்தில் மட்டும் காய்ந்த சதுரம் ஒன்று இருந்தது. கீழ்வீட்டுக் கிழவி வழக்கம்போல் ஜன்னலில் தலையணை போட்டு முழங்கை ஊன்றித் தெருப் பார்த்துக்கொண்டிருந்தா. வெள்ளை வானில் இரண்டு பேர் வந்து தூக்கிப்போனார்கள், இப்போதுதான், அரை மணிநேரம் கூட இல்லை என்றா. அரை மணிநேரத்துக்கு முன்னால் நான் அரிசியில் அ எழுதிக்கொண்டிருந்தேன்.

மாமா செருப்புப் போடாமல் வந்திருந்தார். கால் குளிர்ந்திருக்க வேண்டும், அந்தக் காய்ந்த சதுரத்துக்குள் ஏறி நின்றுகொண்டார். நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்துக் குழறினேன். "நீங்கள் ஏன் வெளியில வச்சனீங்கள்? ஏன் வச்சனீங்கள்?"

"ஓம் பிள்ளை" என்றார். "என்ர பிழைதான்."

நான் அதை நம்பினேன். ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. அன்று பின்னேரமே ஃபிரீசர் வந்தது, அப்பா முழுப்பங்கு ஆடு வாங்கினார். அடுத்த வருடம் மாமாவுக்குப் பொம்பிளை சரிவந்தது, கார்ல்ஸ்ரூஹே பக்கம் போய்விட்டார். இரண்டாம் பாகம் தொலைக்காட்சிக்குக் கீழே சந்தனப் பொட்டோடு கிடந்தது.

வளர்ந்தபிறகு இணையத்தில் அதைத் தேடிப் பார்த்தேன். ஒரு தளத்தில் பல நாட்டு ஆட்கள் பக்கம் பக்கமாகத் திட்டியிருந்தார்கள். பெயர் வைத்தது பிழை என்று ஒருவர், ரயிலை வெடிக்க வைத்தவனை வெடிக்க வைக்க வேண்டும் என்று ஒருவர், பெட்டியைத் திறந்திருக்கவே கூடாது என்று ஒருவர். இத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோசம். மாமாவுக்கு அனுப்பினேன். "மூண்டாம் பாகமும் வருகுதாம். நீ பார்க்காதே" என்று பதில் வந்தது.

அந்தத் தளத்தில் எல்லோரும் விளையாட்டைச் செய்தவர்களைத்தான் குறை சொன்னார்கள். நானும் ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் கெல்லர்ப் படி ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு முன்னால் "எனக்கு வேண்டும்" என்று சொல்ல முடியாத ஒரு பெரிய மனிதர், பத்து வயதுப் பிள்ளை ஒரு சொல் சொல்லட்டும் என்று மூன்று இடத்தில் சாமானை இறக்கி வைத்து நின்றார். அவர் ஏன் அத்தனை தரம் வைத்தார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பாரம் என்றுதான் நினைத்தேன்.