தாழியைக் கழுவிவைத்தேன்

கட்டட வேலையில் என்னைக் குறை சொல்ல திருநெல்வேலிச் சீமையில் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினோரு வயதில் சாந்துச் சட்டி சுமந்தேன், இருபதில் கொத்தனாராகிக் கரண்டி பிடித்தேன், முப்பத்தைந்தில் என் பெயரிலேயே காண்டிராக்ட் எடுத்தேன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி வரைக்கும் தாமிரபரணியின் இரண்டு கரையிலும் நான் கட்டிய தண்ணீர்த் தொட்டிகள் நிற்கின்றன. ஒன்றிலும் ஒழுக்கு இல்லை. யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தொட்டிகளில் ஒன்றை மட்டும் நான் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பேருந்து அந்த வழியாகப் போனால் மறுபக்கத்து வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, வயலும் வாழையும் முடிந்து செம்மண்ணும் சரளையுமாக நிலம் மேடேறும். அதைப் பரம்பு என்போம். அங்கே உடைமரம் நிற்கும், ஆடு மேயும், வேறொன்றும் விளையாது. நாலு ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்க அங்கே மேல்நிலைத் தொட்டி கட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. அந்தப் பக்கத்து மண்ணுக்குள் பழங்காலத்துத் தாழிகள் இருக்கும். ஆள் குத்தவைத்து உட்காரும் அளவுக்குப் பெரிய மண்பானைகள். செத்தவர்களை அதற்குள் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அதனால் தொல்பொருள் இலாகாவின் ஆள் பக்கத்தில் நின்று பார்க்காமல் ஒரு சட்டி மண்கூட எடுக்கக் கூடாது.

ஜீப்பில் தொந்தியோடு ஓர் அதிகாரி வந்து இறங்குவார் என்று நினைத்திருந்தேன். டவுன் பஸ்ஸில் ஓர் அம்மாள் வந்து இறங்கினார். நாற்பதை ஒட்டிய வயது. ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, தோளில் பை. பைக்குள் சணல் நூல், ஆணிகள், பெயின்ட் அடிக்கிற பிரஷ். பாளையங்கோட்டையில் பழைய மிஷன் குடும்பம். அப்பா வாத்தியாராக இருந்தவர். இந்த அம்மாள் இலாகாவில் தற்காலிக வேலையில் இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புது ஆர்டர் வந்தால்தான் வேலை.

முதல் நாளே சட்டம் போட்டார். "அண்ணாச்சி, கடப்பாரைய ஓங்கிப் போடக் கூடாது. ஒரு சாண் ஒரு சாணா, பைய எடுக்கணும்."

"இப்படிச் சுரண்டுனா என் பேரன் கல்யாணத்துக்குத்தாம்மா தொட்டியில தண்ணி ஏறும்."

"பேரனுக்கு இப்ப என்ன வயசு?"

"பேரனா? மகளுக்கே இன்னும் மாப்பிள பாக்கல."

"அப்ப நெறைய நேரம் கெடக்கு. பையவே எடுங்க."

குழிக்குள் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்னை அப்படிப் பேசவிட்டு மடக்கிய ஆள் அதற்கு முன் இல்லை.

தூண்களுக்காக எட்டுக் குழிகள். கவிழ்த்துப் போட்ட சாந்துச் சட்டிமேல் குடையைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருப்பார். மேலே வரும் ஒவ்வொரு சட்டி மண்ணையும் கையை விட்டுக் கிளறிப் பார்ப்பார். பானை ஓட்டுத் துண்டு கிடைத்தால் துடைத்து, காகிதத்தில் மடித்து, குழியின் எண்ணை எழுதிவைப்பார். என்னிடம் இருபது வருஷம் வேலை பார்த்த கொத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. "ஒடஞ்ச ஓடுதான் வேணும்னா எங்க வீட்டு அடுப்பாங்கரைக்கு வாங்கம்மா. எம்பொண்டாட்டி கோவப்பட்ட அன்னிக்கு வந்தா வண்டி கட்டி அள்ளிட்டுப் போவலாம்" என்பார். "அதையும் நம்பர் போட்டுத்தான் எடுப்பேன்" என்பார் அந்த அம்மாள்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் மனம் விட்டுப் பேசினார். "நாலு வருசமா ஓடுதேன் அண்ணாச்சி. கெணறு தோண்டுத எடம், ரோடு போடுத எடம், எங்க போனாலும் நான் போறதுக்குள்ள மண்வெட்டி போயிருக்கும். பானை நெறைய இருக்கு, ஆபீஸ்ல வரிசையா நிக்கி. கைபடாம, வச்சவங்க வச்ச மாதிரியே ஒண்ணு எனக்குப் பாக்கணும். எதுக்கு மேல எது இருக்கு, எலும்பு எப்படிக் கெடக்குன்னு ஒவ்வொண்ணா எழுதணும். அப்படி ஒண்ணு கெடச்சா மெட்ராஸ்லருந்து வந்து இந்தப் பரம்பையே முறையாத் தோண்டுவாங்க. எனக்கும் வேலை நெலைக்கும்."

நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். முழுசாக ஒரு பானை வேண்டும் என்கிறார், அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

ஐப்பசி தொடக்கத்தில் அது கிடைத்தது. மூன்றாம் குழியில், இடுப்பளவு ஆழத்தில். மண் வெட்டிக்கொண்டிருந்தது என்னிடம் சித்தாளாக இருந்த ஒரு வயதான அக்காள். மண்வெட்டியின் சத்தம் மாறியதுமே தானாக நிறுத்திவிட்டாள். அந்த அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் குதித்தார். இரண்டு மணி நேரம் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி, உரல் வாயைவிட அகலமான ஒரு விளிம்பைத் துலக்கினார். மேலே இன்னொரு சட்டி மூடியாகக் கவிழ்ந்திருந்தது. ஏறி வரும்போது நெற்றியெல்லாம் செம்மண்.

"முழுசா இருக்கு அண்ணாச்சி. மூடிகூட நகரல."

தபால் ஆபீசுக்குப் போய் மெட்ராசுக்குப் பேசிவிட்டு வந்தார். பெரிய அதிகாரியும் போட்டோ எடுப்பவரும் நாலாம் நாள் வருவார்களாம். சாக்கும் ஓலையும் போட்டு மூடிவிட்டு, "நான் சொல்லுத வரைக்கும் இதுக்குள்ள யாரும் எறங்கக் கூடாது" என்றார்.

"நான் இருக்கேம்லா, அம்மா" என்றேன்.

மறுநாள் அவர் வரவில்லை. விடியற்காலையில் அவருடைய அம்மா இறந்துவிட்டதாக ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். வேலையை நிறுத்திவிட்டு, சாயந்தரம் நானும் கொத்தனாரும் பாளையங்கோட்டைக்குத் துட்டி கேட்கப் போனோம். வீட்டுக்குள் நுழையும்போதே மழை பிடித்துக்கொண்டது. சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அங்கயும் மழையா அண்ணாச்சி? குழி..."

"நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஆக வேண்டியதப் பாருங்க."

"இல்ல, தண்ணி எறங்குச்சுன்னா..."

துட்டி வீட்டில் வேலைப் பேச்சு பேசுவது எங்களிடம் வழக்கம் இல்லை. அதுவும் தாயைப் பறிகொடுத்து நிற்கிறவரிடம். கையைக் காட்டி அமர்த்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் சொல்ல வந்ததைக் கேட்டிருந்தால் கால் நிமிஷம் ஆகியிருக்கும்.

காலையில் போய்ப் பார்த்தால் மூன்றாம் குழியில் முழங்கால் தண்ணீர். ஒரு பக்கத்து மண் சரிந்துகொண்டிருந்தது. கொத்தனார் தலையைச் சொறிந்தார். "என்ன செய்ய அண்ணாச்சி? இன்னொரு மழை பெஞ்சா பானை நசுங்கிரும்."

"எடுத்துருவோம் வே."

"அந்தம்மா தொடக் கூடாதுன்னுல்லா சொன்னாவ?"

"மழை பெய்யும்னு அவுகளுக்குத் தெரியுமா? நசுங்குனதுக்குப் பொறவு என்னத்தப் போட்டோ புடிப்பாவ?"

அன்றைக்கு நான் பார்த்த வேலையை இன்னொருவன் பார்த்திருக்க முடியாது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தண்ணீரை இறைத்தேன். தாழியைச் சுற்றி ஒரு முழம் தள்ளிக் கையாலேயே மண்ணைப் பறித்தேன். வாழைமட்டையை உரித்து வரச்சொல்லி உடம்பு முழுக்கச் சுற்றி, நனைத்த சாக்கைப் போர்த்தி, தென்னங்கயிற்றால் இறுக்கினேன். இரண்டு கம்பு கொடுத்து எட்டுப் பேர் தூக்கினோம். ஒரு கீறல் விழவில்லை. அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

உள்ளே ஈர மண் நிறைந்திருந்ததால் இரும்புக் குண்டு மாதிரி கனத்தது. அப்படியே வைத்தால் அடி விட்டுவிடும் என்று, மூடிச் சட்டியை எடுத்துவிட்டுச் சாய்த்துக் கொட்டினேன். மண்ணோடு இரண்டு சின்னக் கிண்ணங்கள், துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டு, எலும்புகள் வந்து விழுந்தன. மண்டை ஓட்டில் பாதி. கை தட்டியவர்கள் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். அந்த அக்காள் மட்டும் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"யாரு பெத்த பிள்ளையோ. இப்படி மழையில கெடக்கலாமா அண்ணாச்சி? ஆத்துல விட்டுருவோம்."

அது சரி என்றே எனக்கும் பட்டது. எலும்பு கண்டால் ஆற்றில் கரைப்பதுதானே மரியாதை? வாழை இலையில் பொறுக்கி வைத்தோம். கொத்தனார் சூடம் கொளுத்தினார். செம்மண் நிறத்தில் பெருகிப் போய்க்கொண்டிருந்த தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, என் கையாலேயே விட்டேன். முங்கிக் குளித்துவிட்டு வந்தோம். பிறகு தாழியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். உட்புறம் கறுப்பாக ஏதோ படிந்து, நெல் உமி மாதிரி ஒட்டியிருந்தது. இரண்டு தேய்ப்பில் போய்விட்டது. சிமெண்டு கொட்டகையில் மணலைப் பரப்பி நிறுத்தி, மூடியையும் கிண்ணங்களையும் இரும்பையும் பக்கத்தில் வைத்து, கழுத்தில் ஒரு முழம் செவ்வந்தி சுற்றினேன். புதுப்பானை தோற்றுவிடும்.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாளே அவர் வந்துவிட்டார். கண் வீங்கியிருந்தது. நான் முன்னால் நடந்து போய்க் கொட்டகையின் தட்டியை விலக்கிக் காட்டினேன்.

அவர் பானையைப் பார்த்தார். கிட்டே போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மண்ணு?"

"கொட்டியாச்சும்மா."

"எங்க?"

"பள்ளத்துல நெரவியாச்சு."

"எலும்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு கொறை இல்லாம, சூடம் கொளுத்தி, மரியாதையா ஆத்துல விட்டாச்சு."

சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கொத்தனார் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஒரு கீறல் இல்லம்மா, தட்டிப் பாருங்க" என்றார்.

"நேத்துத்தான் எங்க அம்மாவப் பொதைச்சேன், அண்ணாச்சி" என்றார் அவர் என்னைப் பார்த்து. அந்தத் தாழிக்குள்ளும் யாரோ இப்படித்தான் பார்த்துப் பார்த்து ஒருவரை வைத்திருப்பார்கள். நான் செய்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"எடுத்தது நீங்கதான். நீங்க சொன்னாத்தான் உண்டு. மண்டை ஓடு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

ஒரே சாய்ப்பில் கொட்டியவனுக்கு என்ன தெரியும்? குவியலாகத்தான் பார்த்தேன். ஆனால் என் ஆட்கள் சுற்றி நின்றார்கள். அளவு கேட்டு நான் தெரியாது என்று சொன்னதே இல்லை.

"கெழக்க சாஞ்சு இருந்துச்சு" என்றேன்.

"கிண்ணம்?"

"ரெண்டும் கவுந்து இருந்துச்சு. இரும்பு அதுக்குக் கீழ."

பேனா வேகமாக ஓடியது. அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் சொன்னேன். கேட்டதற்கெல்லாம் சொன்னேன்.

"நல்லா ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

"இருவது வருசத்துக்கு முந்திப் போட்ட அஸ்திவாரத்து அளவு கேளுங்க, இப்ப சொல்லுதேன்."

மண் வெட்டிய அக்காள் தட்டி ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டும்போது பக்கத்தில் நின்றவள் அவள். சட்டியை எடுத்துக்கொண்டு குழிப் பக்கம் போய்விட்டாள்.

மெட்ராஸ் அதிகாரி சொன்னபடி வந்தார். தாழியைப் பார்த்து என் முதுகில் தட்டினார். இருந்த இடத்தில் இல்லாத பானை சாட்சி ஆகாது, மற்றக் குழிகளில் ஒன்றும் இல்லை, வேலையைத் தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாளிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். குழிகளில் காங்கிரீட் போட்டேன். தொட்டி எழும்பியது.

பங்குனியில் அவருக்குப் புது ஆர்டர் வரவில்லை. வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ள வந்தார். அறிக்கையை எழுதி முடித்து அனுப்பிவிட்டாராம்.

"நீங்க சொன்னதத்தான் முழுக்க எழுதியிருக்கேன். எடுத்தவரே சொன்னதுன்னு போட்டிருக்கேன். தலை கெழக்க இருந்ததா இந்தப் பக்கம் இதுவரைக்கும் யாரும் எழுதல அண்ணாச்சி. நாலு வருசத்துக்கு அது ஒண்ணாவது மிஞ்சுச்சு."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "வெயில்ல வந்திருக்கீய, மோர் குடிக்கியளா?" என்று கேட்டேன். குடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

என் பிள்ளைகள் என் வாழ்க்கையை எழுதச் சொன்னபோது, கட்டிய கட்டடங்களின் பட்டியலைத்தான் எதிர்பார்த்தார்கள். அதையும் தருகிறேன். ஆனால் அந்த அறிக்கை இன்னும் எந்த ஆபீசிலாவது இருக்கும். அதை எடுத்துப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், மூன்றாம் குழித் தாழியைப் பற்றி நான் சொன்னதாக உள்ள அத்தனை வரிகளையும் அடித்துவிட வேண்டும். அந்தத் தலை எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.