மாமா கொட்டிய சோடா

என் அக்கா வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அவருக்குத் தெரிந்தது இரண்டே வேகம்: பறப்பது, தூங்குவது. சாப்பிடுவதைக்கூட யாரோ துரத்துகிற மாதிரிதான் சாப்பிடுவார். அந்த மனிதரை நம்பி மீன்தொட்டியை விட்டுவிட்டு மகளின் பிரசவத்துக்குப் போனாள் அக்கா. என்ன தைரியம் பாருங்கள்!

தொட்டியில் இருப்பது ஒரே ஒரு தங்கமீன். வயதானது என்பதால் அக்கா அதைப் பெரியவர் என்பாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவள் அதிகம் பேசியது பெரியவரோடுதான். அதற்கு ஏதாவது ஆனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

நான் போனபோது பெரியவர் மூலையில் சுணங்கிக் கிடந்தார். மாமா சோதனைச் சீட்டைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தார். மஞ்சள். தண்ணீரில் அமிலம் ஏறிவிட்டது.

"இதுக்கா பயந்தே மாப்ளே?" என்று சமையல் சோடாவை அள்ளிக் கொட்டினார். அடுத்த சீட்டு நீலமானது. அவர் "பாத்தியா!" என்று சொல்லி வாய் மூடவில்லை, மீன் கண்ணாடியில் மோதிக்கொண்டு மேலே வந்து வாயைப் பிளந்தது. மாமாவோ சோடாவை முறிக்க வினிகர் பாட்டிலைத் திறந்துவிட்டார். நான் அவசரமாக அக்காவை வீடியோவில் கூப்பிட்டுச் சோடா விஷயத்தைச் சொன்னேன்.

"கையை எடுங்க!" என்று கத்தினாள். "வாரா வாரம் கொஞ்சம் தண்ணிய மாத்தச் சொன்னேனே?"

"குறைஞ்சப்பல்லாம் ஊத்தினேனே..."

"பழசை எடுக்காம மேல மேல ஊத்தினா புளிக்காம என்ன செய்யும்? அந்தப் புளிப்புக்கு அது மெல்லப் பழகியிருக்கும். திடீர்னு மாறினாத்தான் உயிர் போகும். இனி எதையும் கொட்டாதீங்க. காத்து மோட்டாரைக் கூட்டி வைங்க. வாளியில பிடிச்சு வச்ச தண்ணி இருக்குல்ல? ஒரு குவளை எடுத்துட்டு ஒரு குவளை ஊத்துங்க. அப்புறம் சும்மா உக்காருங்க. எல்லாம் அடங்கினப்புறம் வடிகட்டியில சிப்பித் துண்டு போடலாம், திரும்பப் புளிக்காம அது பாத்துக்கும்."

சும்மா உட்காருவதாம். யாரிடம் சொல்கிறாள்!

மாமா ஒரு குவளை எடுத்தார், ஒரு குவளை ஊற்றினார். உட்கார்ந்தார். உடனே எழுந்தார். நான் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். கண்ணாடியில் மூக்கு இடிக்க, செவுள் அடித்துக்கொள்வதையே பார்த்தார். எனக்கிருந்த கோபம் போய், பாவமாக இருந்தது.

வெயில் இறங்குவதற்குள் செவுளின் படபடப்பு அடங்கியது. பெரியவர் மெதுவாக நடுத்தொட்டிக்கு வந்தார். அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"இத்தனை வருஷமா முன்னாடி ரோட்டைத்தான் பாத்திருக்கேன் மாப்ளே," என்றார். "பின்னாடி படுத்திருக்கிறவங்க இப்படித்தான் மூச்சுக்குத் தவிப்பாங்களா?"