முதலில் எழும்பும் டிஸ்க்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். அதற்குமேல் புளியந்தீவு டவுனுக்குப் பஸ் ஏறிப் போய்க் கணினியும் படித்தேன். அதனால் எங்கள் ஊர் கிரானில் விவசாய அமைப்பின் கணினி முடங்கியபோது, செயலாளர் என்னைக் கூப்பிட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அது பழைய மெஷின். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடித்தாலும் எழும்பாது. வேகமான புதிய டிஸ்க், எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை அப்படியே அதில் பிரதி எடுத்தேன். கணினி எழும்பும் விதத்தைத் தீர்மானிக்கும் பயோஸுக்குள் போய், எந்த டிஸ்க்கிலிருந்து எழும்புவது என்ற வரிசையில் புதியதை முதலில் வைத்தேன். ஒன்று போனால் மற்றது கிடக்கட்டும் என்று பழையதைக் கழற்றாமல் விட்டேன். கணினி சட்டென்று எழும்பியது. செயலாளர் வருகிற ஆட்களுக்கெல்லாம் அதை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிக் காட்டினார்.

இரண்டு கிழமை கழித்து, சிறுபோக விதைப்புக்கு யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்று எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கினார்கள். அப்பாவுக்குக் கடைசிச் சீட்டு. செயலாளர் மூன்று நாள் இருந்து பட்டியலைக் கணினியில் அடித்தார், சீட்டுகளை எறிந்துவிட்டார். பட்டியலை வாசிக்கும் கூட்டத்தன்று காலையில் பிரிண்ட் எடுப்பதாக ஏற்பாடு.

அப்பாவுடன் நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் இருக்கிற வாங்குகள் எல்லாம் நிறைந்திருந்தன. செயலாளரின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"புள்ள, பட்டியலக் காணல்ல. இஞ்சதான் வச்சன்."

தேடினேன். எங்கும் இல்லை, குப்பைத்தொட்டியிலும் இல்லை. வாங்கில் இருந்தவர்கள் தங்கள் முறையைச் சொல்லத் தொடங்கினார்கள். ஐந்தாவது இடத்துக்கு மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

முன்வாங்கில் இருந்த, ஊரில் நிறைய வயல் வைத்திருக்கும் போடியார் தொண்டையைச் செருமினார்.

"கடைசிச் சீட்டு ஆருக்கு விழுந்த? இந்தப் புள்ளட அப்பனுக்கு. பட்டியல் இல்லாட்டித் திருப்பிக் குலுக்கத்தானே வேணும்? படிச்ச புள்ள, கணக்காச் செஞ்சிருக்கு."

சிலர் சிரித்தார்கள். அப்பா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகளைக் கள்ளி என்று சொன்னதை விளங்கிக்கொள்ள வாசிப்பு வேண்டியதில்லை.

திரும்பவும் திரையைப் பார்த்தேன். மூலையில் இருந்த ஆண்டு பிழை. பல வருடம் பின்னால் போயிருந்தது.

"மாமா, இண்டைக்கு இது எழும்ப எவ்வளவு நேரம் எடுத்த?" என்று செயலாளரைக் கேட்டேன்.

"பழையபடிதான். நீ போட்ட சாமானும் அதுக்குள்ள கிழவனாப் போய்த்து."

"நேத்து பிளக்கக் கழத்தினீங்களா?"

"இடி முழங்கக்குள்ள கழத்தாம?"

அப்போதே விளங்கிவிட்டது. கணினிக்குள் காசு அளவில் ஒரு பற்றரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது திகதியையும் நாம் வைத்த வரிசையையும் அதுதான் காத்து வைக்கும். அது செத்திருந்தது. பிளக்கைக் கழற்றியதும் வரிசை மறந்துபோய், பழைய டிஸ்க் முதலில் எழும்பியிருக்கிறது. திரையில் இரண்டுக்கும் முகம் ஒன்றுதான், ஆனால் பழையதில் இருப்பது நான் பிரதி எடுத்த நாள் வரைக்கும்தான். பட்டியல் புதியதில் பத்திரமாகக் கிடந்தது.

எழுந்து நின்றேன். "பட்டியல் அழியல்ல. பிழை என்டதான். பழைய டிஸ்க்கக் கழத்தியிருக்கணும், பற்றரியும் மாத்தியிருக்கணும். அஞ்சு நிமிசம் தாங்க. எல்லாரும் பாருங்க."

"நாங்க பாத்து என்ன விளங்கப் போகுது?" என்றார் போடியார்.

"ஆருட பேர் எத்தனையாவது எண்டு விளங்கும்தானே, போடியார்."

இம்முறை அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

திரையை வாங்குகளின் பக்கம் திருப்பினேன். கணினியைத் திரும்ப ஓன் பண்ணி பயோஸுக்குள் போனேன். இரண்டாவது வரியில் இருந்த எஸ்.எஸ்.டி.யை முதல் வரிக்கு ஏற்றிச் சேமித்தேன். போடியார் வெற்றிலையை மடித்து வாயில் வைப்பதற்குள் கணினி எழும்பிவிட்டது. செயலாளர் வைத்த இடத்திலேயே பட்டியல் இருந்தது.

"நீயே வாசி," என்றார் செயலாளர்.

வாசித்தேன். ஐந்தாவது இடம் கேட்ட மூவரில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. கடைசிப் பெயருக்கு முன்னால் சற்று நின்றேன்.

"நம்மடதானே, மகள்," என்றார் அப்பா பின்னாலிருந்து. "சத்தமா வாசி."

மற்ற எல்லாப் பெயர்களையும்விடச் சத்தமாக வாசித்தேன். போடியார் தலையாட்டினார்.

கூட்டம் கலைந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்தேன். புதிய பற்றரியும் வாங்கிவந்து போட்டேன்.

"இனி இடி முழங்கினா என்ன செய்ற?" என்று செயலாளர் கேட்டார்.

"பிளக்கக் கழத்துங்க மாமா. ஒண்டும் போகாது."