கண்ணில் ஒட்டிய அட்டை

போன ஐப்பசி, காய் எடுக்கும் நேரம். குரங்கணிக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை முடிந்து, ஓடையில் குனிந்து முகம் கழுவினேன். எனக்கு எதிலும் அவசரம்தான். தண்ணீரை அள்ளி அடித்துவிட்டு ஜீப் ரோட்டுக்கு வந்தால், இடது கண்ணில் ஏதோ நெளிந்தது.

என் கணவர் இமையை விலக்கிப் பார்த்தார். "ஏ புள்ள, அட்ட ஏறியிருக்கு" என்றார். கண்ணின் வெள்ளையைக் கவ்விக்கொண்டிருந்ததாம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு அங்கேயே குதித்தேன்.

மலையில் அட்டை கடித்தால் உப்பு வைப்போம், சுருண்டு விழுந்துவிடும். காலுக்கு வைத்துப் பழகிய அவர் கை, இடுப்பில் செருகியிருந்த உப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டது. "வெரசாப் போடுங்க" என்று கத்தியதும் நான்தான்.

அந்த நேரம் ஒரு ஜீப் வந்து நின்றது. யாரோ ஒரு பெண் இறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது.

"அண்ணே, உப்பக் கீழ போடுங்க! காலுன்னா சரி, கண்ணுல போடுவாகளா? வெந்து போகும்ல!"

என் கணவரின் கையைத் தட்டிவிட்டு, ஈரத்துணியால் என் இரண்டு கண்ணையும் கட்டி, ஜீப்பில் ஏற்றித் தன் பக்கத்தில் உட்காரவைத்தார் அந்தப் பெண். என் கணவரும் பின்னால் ஏறிக்கொண்டார்.

வளைவுக்கு வளைவு என் கை கண்ணுக்கே போனது. பிய்த்து எறிந்துவிட வேண்டும் போல ஒரு வெறி. பார்வை போய்விடுமோ என்ற பயம் வேறு. அந்தப் பெண் என் இரண்டு கையையும் தன் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். திமிறினேன், திட்டினேன், நகத்தால் கீறியும்விட்டேன். "என்னையக் கீறு ஆத்தா, கண்ணுக்கு மட்டும் கையக் கொண்டு போகாத" என்றார். கீழே போடி டவுன் வரும்வரை பிடியை விடவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் படுக்கவைத்தார். கையில் ஃபோர்செப்ஸ். காலில் முள் எடுக்கும் முள்வாங்கி ஜாதிதான், ஆனால் நுனி அத்தனை மெல்லிசு.

"சட்டுனு புடுங்கிருங்க டாக்டர்" என்று கெஞ்சினேன்.

"இழுத்தா மேல் சவ்வு கிழிஞ்சிரும்மா. மருந்துக்கு அதுவா வாயத் தளர்த்தட்டும்."

அந்த நுனி அட்டையைத் தொட்டபடி அசையாமல் நின்றது. எனக்கோ ஒவ்வொரு நொடியும் ஒரு யுகம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை, தட்டில் ஏதோ விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொன்னதும் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

எழுந்ததும் அந்தப் பெண்ணைத் தேடி வாசலுக்கு ஓடினேன். எங்களை இறக்கிவிட்ட ஜீப்பிலேயே போய்விட்டாராம். "முகம் எப்படி இருந்துச்சு?" என்று என் கணவரிடம் கேட்டேன். பதற்றத்தில் அவரும் கவனிக்கவில்லை.

இன்றும் போடி பஸ் ஸ்டாண்டில் யாராவது ஒரு பெண் இடித்துக்கொண்டு ஏறினால், திட்ட வாய் திறப்பேன். அன்றைக்கு என் கையைப் பிடித்தவர் இவராகக்கூட இருக்கலாமே என்று தோன்றும். நகர்ந்து இடம் கொடுத்துவிடுவேன்.